நாங்குநேரிக் கருஞ்சிட்டின் முதுகு கறுப்பா, பழுப்பா?

நாங்குநேரிக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். மூன்று வாரமாக மண்டைக்குள் ஓடுகிற ஒரு சந்தேகத்தைக் கேட்கிறேன். மூன்றடைப்புக்கும் நாங்குநேரிக்கும் நடுவில் ரோட்டை விட்டு உள்ளே போனால் ஒரு உடங்காடு, உடைமர முட்காடு, இருக்கிறது, அங்கே ஒரு ஜோடி கருஞ்சிட்டைத் தொடர்ந்து படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். 150-600 லென்ஸ். ஆண் குருவி கரையான் புற்று உச்சியில் முதுகைக் காட்டி உட்கார்ந்த படம் ஒன்று நன்றாக வந்திருக்கிறது. ஆனால் அதில் முதுகு பழுப்பாகத் தெரிகிறது. வட இந்தியாவில் ஆண் கருஞ்சிட்டுக்கு முதுகு பழுப்பு, தெற்கே கறுப்பு என்று படித்திருக்கிறேன். அப்படியென்றால் இது வடக்கிலிருந்து வந்த குருவியா? நேரம் காலை 11 மணி, நல்ல வெயில். கண்ணால் பார்த்தபோது என்ன நிறம் என்று கேட்டால் சத்தியமாக நினைவில்லை, கேமராத் திரையில் பார்த்ததுதான் மனசில் நிற்கிறது.

அம்பை டீச்சர்:
தம்பி, படம் அழகாக இருக்கிறது, வால் நிமிர்ந்து அடியில் அந்தச் செங்காவி நிறமும் விழுந்திருக்கிறது. ஆனால் வடக்கத்திக் குருவி என்று முடிவு கட்ட வேண்டாம். கருஞ்சிட்டு வலசை போகிற பறவை இல்லை. பிறந்த காட்டைச் சுற்றியேதான் அதன் பிழைப்பு. டெல்லிப் பக்கத்துக் குருவி நாங்குநேரிக் கரையான் புற்றில் வந்து உட்காருவதற்கு வழியே இல்லை.

கேமரா தானாக வெளிச்சத்தை அளக்கும்போது, முன்னால் இருப்பது எதுவானாலும் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எடுத்துக்கொண்டுதான் கணக்குப் போடும். கறுப்புக் குருவி சட்டத்தை நிறைத்து உட்கார்ந்தால், இருட்டாக இருக்கிறதே என்று எக்ஸ்போஷரை ஏற்றிவிடும். ஏற்றினால் கறுப்பு கறுப்பாக இருக்காது, வெளிறிப்போய்ப் பழுப்பாகும். 11 மணி வெயில் வேறு. இதே குருவி வெள்ளை வானத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக் கம்பியில் உட்கார்ந்திருந்தால் தலைகீழாக நடக்கும், பழுப்பு முதுகும் கரியாகத் தெரியும்.

ஒன்று செய்யுங்கள். தோளில் அந்த வெள்ளைத் திட்டு இருக்கிறதல்லவா, அதைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெள்ளைக்குள் இறகின் கோடுகள் தெரிகிறதா, இல்லை சுவரில் அடித்த சுண்ணாம்பு மாதிரி மொத்தையாக இருக்கிறதா? மொத்தையாக இருந்தால் படம் முழுக்க வெளிச்சம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம், அந்தப் படத்தில் கறுப்பைப் பற்றிப் பேசவே முடியாது. ரா ஃபைல், அதாவது கேமரா பதிந்ததை மாற்றாமல் அப்படியே வைத்திருக்கிற கோப்பு, வைத்திருக்கிறீர்களா? ஜேபெக் மட்டும் என்றால், அதுவும் நிறத்தைத் தூக்கிக் காட்டுகிற மோடில் எடுத்தது என்றால், நிறத்தைப் பற்றிச் சொல்ல அதில் ஒன்றும் மிச்சமிருக்காது.

நாங்குநேரிக்காரன்:
டீச்சர், பார்த்தேன். சுண்ணாம்புதான். நல்லவேளை ரா ஃபைல் இருந்தது. எக்ஸ்போஷரை ஒன்றேகால் ஸ்டாப் (வெளிச்ச அளவு) குறைத்ததும் தோள்பட்டையில் இறகுக் கோடுகள் வர ஆரம்பித்தன, முதுகும் தலையும் கறுத்தன. ஆனால் இறக்கை மட்டும் கறுக்கவில்லை. மூடிய இறக்கையின் நீள இறகுகள் இன்னும் காய்ந்த பனையோலை நிறத்தில்தான் இருக்கின்றன. அதனால்தான் முழுசாக மனசு ஒப்பவில்லை.

அம்பை டீச்சர்:
அது நல்ல கவனிப்பு, அதை விட்டுவிடாதீர்கள். உடம்பு கறுப்பு, இறக்கை பழுப்பு என்றால் அது போன வருஷத்துக் குஞ்சாக இருக்கலாம். சின்னப் பாட்டுப் பறவைகளில் பலவும் முதல் தடவை இறகு உதிர்க்கும்போது உடம்பு இறகுகளை மாற்றிக்கொள்ளும், கூட்டில் முளைத்த இறக்கை இறகுகளை அப்படியே வைத்துக்கொள்ளும். அதனால் ஒரே குருவியில் புது இறகும் பழைய இறகும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். நடுவில் ஒரு எல்லைக்கோடு மாதிரி தெரியும், அந்த இடத்துக்கு ஃபோகஸ் வையுங்கள். இன்னொரு காரணமும் உண்டு. கறுப்பு இறகு வெயிலில் வெளுக்கும், வருஷக்கணக்கில் உடுத்திய கறுப்புச் சேலை மாதிரி. நம் ஊர் வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம்.

ஆக, எக்ஸ்போஷர், வயசு, இறகின் தேய்மானம் இந்த மூன்றையும் கழித்த பிறகு ஒன்று மிஞ்சினால் அதை ஊருக்கு ஊர் மாறுகிற நிறம் என்று சொல்லலாம். கழிக்காமல் சொல்வதால்தான் இத்தனை குழப்பம்.

உடன்குடிப் பனை:
நாலாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள் டீச்சர், மண்.

எங்கள் பக்கம் தேரிக்காடு. செம்மண் என்று சொன்னால் போதாது, குங்குமத்தைக் கொட்டின மாதிரி இருக்கும். குருவிகள் அதில்தான் புழுதிக் குளியல் போடும். ரெண்டு வருஷம் முன்னால் ஆவணி மாசம் ஒரு கருஞ்சிட்டைப் படம் எடுத்தேன், தோளின் வெள்ளைத் திட்டு இளஞ்சிவப்பு, வயிற்றில் துரு நிறம். தேரிக்கென்று தனி வகை ஒன்று இருக்கிறது என்றே நம்பிவிட்டேன், நாலைந்து பேருக்குப் படத்தையும் அனுப்பினேன். ஐப்பசி மழை ரெண்டு நாள் அடித்து ஓய்ந்த பிறகு போய்ப் பார்த்தால், அதே மொட்டைப் பனையில் உட்கார்ந்த குருவி வெள்ளைத் தோளும் கறுத்த வயிறுமாகப் பளிச்சென்று இருக்கிறது. குளித்துவிட்டது, அவ்வளவுதான்.

இன்னொன்று, புழுதி ஒட்டாவிட்டாலும் தரையிலிருந்து எதிரடிக்கிற வெளிச்சமே சிவப்பு. குருவி பறந்ததும் அதே இடத்தில் என் வெள்ளைத் துண்டைக் கிளையில் தொங்கவிட்டு ஒரு படம் எடுத்துப் பார்த்தேன், துண்டின் கீழ்ப்பாதி ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. அன்றிலிருந்து ஒரு சாம்பல் அட்டை பையிலேயே கிடக்கிறது. குருவி போனதும் அது உட்கார்ந்த இடத்தில், அதே வெளிச்சத்தில், அட்டையை வைத்து ஒரு படம். வீட்டில் வந்து அந்த அட்டையை வைத்து ஒயிட் பேலன்ஸை, அதாவது படத்தில் ஏறிய வெளிச்சத்தின் நிறச்சாயலை, சரிசெய்தால் பாதி விவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

டெல்லியில் பாளைக்காரன்:
அண்ணாச்சிமார்களுக்கு வணக்கம். பிறந்தது பாளையங்கோட்டை, வேலை டெல்லியில், 9 வருஷம் ஆகிறது. இங்கே இருக்கிற கருஞ்சிட்டை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அந்தப் பழுப்பு முதுகு உண்மைதான். மேகம் மூடிய நாளில் எடுத்தாலும் பழுப்பு, எக்ஸ்போஷர் குறைத்தாலும் பழுப்பு. உச்சந்தலையிலிருந்து முதுகு வரை ஒரே சீராக இருக்கும், கன்னமும் நெஞ்சும் மட்டும் மினுமினுப்புக் கறுப்பு. பக்கவாட்டில் பார்த்தால் ரெண்டு நிறமும் சந்திக்கிற இடம் நன்றாகவே தெரியும். நாங்குநேரித் தம்பி படத்தில் இருக்கிற திட்டுத்திட்டான பழுப்பு அந்த ரகம் இல்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது குண்டுக்கரிச்சானைப் பற்றி. இங்கே பெண் குண்டுக்கரிச்சான் தெளிவான சாம்பல் நிறம், குழந்தைகூட ஆண் பெண் சொல்லிவிடும். போன பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தபோது வீட்டுக் கொல்லை முருங்கையில் ரெண்டு குண்டுக்கரிச்சான், ரெண்டும் கறுப்பு. ரெண்டு ஆண்கள் எப்படிச் சண்டை போடாமல் ஒரே மரத்தில் இருக்கின்றன என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் ஒன்று விடியுமுன் ஆன்டெனாக் கம்பியில் ஏறிப் பாட, மற்றது கீழே பாத்திரம் கழுவுகிற இடத்தில் புழு பொறுக்கிக்கொண்டிருந்தது. அம்மா கேட்டாள், "அதுக ஜோடில்லா, ஒனக்குத் தெரியலியா?"

அம்பை டீச்சர்:
உங்கள் அம்மா சொன்னதுதான் சரி. காவிரிக்குத் தெற்கேயும் இலங்கையிலும் இருக்கிற குண்டுக்கரிச்சானைத் தனித் துணையினமாக (ஒரே இனத்துக்குள் வட்டாரப் பிரிவாக) வைத்தவர்கள் உண்டு, அதன் பெயரிலேயே சிலோன் இருக்கிறது. அதில் பெண் பறவை கிட்டத்தட்ட ஆணின் கருமைக்கே வந்துவிடும். டெல்லியில் படம் போட்ட புத்தகத்தை வைத்துக்கொண்டு பாளையில் பெண் குண்டுக்கரிச்சானைத் தேடினால் கிடைக்காது, எல்லாமே ஆணாகத் தெரியும். பக்கத்தில் பக்கத்தில் உட்காரும்போது எடுத்தால்தான் வித்தியாசம் பிடிபடும்: ஆணின் நெஞ்சில் நீலக் கறுப்பு மினுமினுப்பு இருக்கும், பெண்ணின் நெஞ்சு அதைவிடக் கொஞ்சம் மங்கல்.

இதில் எனக்கு ஒரு நெடுநாள் வருத்தம் உண்டு, சொல்லிவிடுகிறேன். நம் ஆட்கள் ஆண் பறவையை ஆயிரம் படம் எடுப்பார்கள், பெண்ணை எடுக்க மாட்டார்கள். நம் நாட்டுக் குண்டுக்கரிச்சானில் வட்டார வித்தியாசம் பெரும்பாலும் பெண்ணிடம்தான் இருக்கிறது. பெண்ணையும் எடுங்கள்.

பாளை மார்க்கெட்:
டீச்சர், கொண்டைக்குருவியிலும் இப்படி உண்டா? குற்றாலத்தில் எடுத்த செம்மீசைச் சின்னான் படத்தைக் கல்கத்தாவில் இருக்கிற நண்பர் ஒருவருக்கு அனுப்பினேன், வாலில் வெள்ளை எங்கே என்று கேட்கிறார். வால் நுனி வெட்டிப்போய்விட்டதோ என்று படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

அம்பை டீச்சர்:
வால் முழுசாகத்தான் இருக்கிறது. தென்னிந்தியச் செம்மீசைச் சின்னானுக்கு வால் நுனியில் வெள்ளை கிடையாது, நெஞ்சின் குறுக்கே வருகிற கரும்பட்டையும் ஏறக்குறைய இரண்டு பக்கமும் சேர்ந்துவிடும். கல்கத்தாப் பக்கத்துப் பறவைக்கு வால் நுனி வெள்ளை. ஆனால் சமவெளியில், நம் வீட்டு வேப்ப மரத்தில் இருக்கிற சாதாரணக் கொண்டைக்குருவிக்கு இங்கேயும் வால் நுனி வெள்ளைதான், ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சின்னானை எடுக்கும்போது கீழேயிருந்து, அது கிளையில் இறங்கி வாலை விரிக்கிற அந்த நொடியில் எடுக்கப் பாருங்கள். ஷட்டர் வேகம் நொடியில் 2000ல் ஒன்றுக்குக் கீழே போனால் வால் கலங்கிவிடும்.

கூந்தன்குளத்துக் கரை:
அவசரமாக ஒன்று: பிசான நெல் அறுப்பு முடிந்த வயலில் இப்போது மஞ்சள் வாலாட்டி நிற்கிறது. இவை நம் ஊர்ப் பறவைகள் இல்லை, குளிருக்கு வந்தவை. மார்கழியில் எல்லாம் ஒரே மங்கலாக இருக்கும், பங்குனியில் கிளம்புகிற சமயத்தில்தான் தலை நிறம் முழுசாக வரும். சாம்பல் தலை ஒன்று, கருந்தலை ஒன்று, வெளிர்சாம்பல் தலையில் வெள்ளைப் புருவம் போட்டது ஒன்று என்று ஒரே வரப்பில் நிற்கும், ஒவ்வொன்றும் வேறு வேறு தேசத்துக் கூட்டில் பிறந்தது. இன்னும் ரெண்டு வாரம் போனால் கிடைக்காது, வருகிறவர்கள் இப்போதே வாருங்கள்.

மணிமுத்தாறு மேலே:
மலைப்பக்கத்தையும் கொஞ்சம் பேசுவோம். மணிமுத்தாறு அணையிலிருந்து ஏறி மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று போனால் ஒரே நாளில் உடைமரத்திலிருந்து மழைக்காட்டுக்குப் போய்விடலாம். ஈரமான இடத்துப் பறவை கருமையாகவும் வறண்ட இடத்துப் பறவை வெளிறியும் இருக்கும் என்று குளோகர் என்ற ஜெர்மானியர் 1833ல் எழுதினார், அதைப் பார்த்துப் படிக்க நம் திருநெல்வேலி மாவட்டத்தைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

அதோடு செங்கோட்டைக் கணவாய். அகலம் கொஞ்சம்தான், ஆனால் மலை உச்சியை விட்டு இறங்காத பறவைக்கு அது கடல் மாதிரி. கணவாய்க்குத் தெற்கே, நம் பக்கத்து உச்சிகளில் இருக்கிற சிரிப்பான் அசம்பு மலைக்கே உரியது. புருவத்தின் வெள்ளைக் கோடு கண்ணுக்கு மேலேயே நின்றுவிடும். வடக்கே பழனி, மூணாறு பக்கம் உள்ளதற்கு அந்தக் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் ஓடும். சோலைக்கிளியிலும் (பெயர்தான் கிளி, சோலைக்காட்டுச் சிறு குருவி) தெற்கே உள்ளது வேறு கிளை என்று 2017ல் மரபணுவை வைத்துச் சொன்னார்கள், அதற்கு அசம்பு மலையின் பெயரையே வைத்தார்கள். அதைத் தனி இனம் என்பதா, துணையினம் என்பதா என்பதில் எல்லாப் பட்டியலும் ஒத்துப்போகவில்லை, ஆனால் பறவை நம்முடையது.

இது புலிகள் காப்பகம், வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டு வாருங்கள். சிரிப்பானுக்கு அலைய வேண்டாம், தேயிலை முடிந்து சோலை தொடங்குகிற ஓரத்தில் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் கூட்டமாக அதுவே வரும். வெளிச்சம் குறைவு, ஐஎஸ்ஓ 3200 வரை ஏற்றத் தயங்காதீர்கள். மங்கலான படத்தில் புருவம் எங்கே முடிகிறது என்று பார்க்க முடியாது, கொஞ்சம் புள்ளி விழுந்த படத்தில் பார்க்கலாம்.

அம்பை டீச்சர்:
குளோகர் சொன்னது பொதுவிதிக்குச் சரி, ஆனால் கருஞ்சிட்டை அதில் அப்படியே பொருத்த முடியாது. நாங்குநேரியும் ராதாபுரமும் மழைநிழலில் கிடக்கிற வறண்ட பூமி, இருந்தும் இங்கே முதுகு கறுப்புதான். ஆகவே மழை மட்டும் காரணமில்லை. எந்தக் கூட்டம் எவ்வளவு காலமாகத் தெற்கே தங்கியது என்ற வரலாறும் அதில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கடலைத் தாண்டினால் இன்னும் தெளிவாக இருக்கும். நம் தெருவில் கத்திக்கொண்டு திரிகிற தவிட்டுக்குருவிக்குத் தலை வெண்ணெய் நிறம், தொண்டை கருமை. அதே இனம் இலங்கையில் தலையும் உடம்பும் ஒரே சாம்பலாக இருக்கும். அரசவால் ஈப்பிடிப்பானில் இலங்கைக்கே உரிய கூட்டத்தில் வெள்ளை ஆண் கிடையாது, செம்பழுப்பு மட்டும்தான். மன்னார் வளைகுடாவுக்கு இந்தப் பக்கம் தாமிரபரணிக் கரை மருத மரத்தில் வெள்ளை வாலோடு அது பறப்பதை நாம் பார்க்கிறோம்.

களக்காட்டுத் தோப்பு:
மாம்பழச்சிட்டுக்கு வருகிறேன். வடக்குச் சமவெளியில் இனப்பெருக்கக் காலத்து ஆணுக்குத் தலை கறுப்பு, முதுகு பச்சை. தெற்கே வரவர முதுகிலும் கறுப்பு இறங்கும். எங்கள் தோப்பில் முதுகெல்லாம் கறுத்த ஆண் ஒன்று மாமரத்தில் இருக்கிறது, ஆனால் இலைக்குள்ளிருந்து வெளியே வருவதே இல்லை. போனில் கூவலைப் போட்டால் வரும் என்கிறார்கள். போடலாமா?

மணிமுத்தாறு மேலே:
போடக் கூடாது. ரெண்டு வருஷம் முன்னால் எங்களோடு வந்த ஒருவர் போட்டார். குருவி வந்தது, உண்மைதான். இறகையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு, எதிரி எங்கே என்று தலைக்கு மேலே சுற்றிச் சுற்றி 20 நிமிஷம் தவித்தது. அதன் கூடு பத்தடி தள்ளி இருந்ததை நாங்கள் பிறகுதான் பார்த்தோம், குஞ்சுகள் அத்தனை நேரமும் வாயைத் திறந்துகொண்டே கிடந்தன. அவர் எடுத்த படம் அருமையான படம், என்னால் இன்றைக்கும் அதைப் பார்க்க முடியவில்லை.

களக்காட்டுத் தோப்பு:
போட மாட்டேன். மன்னிக்கவும்.

அம்பை டீச்சர்:
மன்னிப்பு எதற்கு, கேட்டுவிட்டுத்தானே செய்யப் போனீர்கள். மாமரத்தடியில் தண்ணீர் வைத்த மண்சட்டி ஒன்றைப் போட்டுவிட்டுத் தள்ளி உட்காருங்கள், பங்குனி வெயிலுக்கு எதாவது வரும். தேதியை மறக்காமல் குறியுங்கள். மாம்பழச்சிட்டு ஆண் இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் கறுப்பை இழந்து பெண் மாதிரி ஆகிவிடும், ஊதாத் தேன்சிட்டு ஆணும் அப்படித்தான், மஞ்சள் வயிற்றில் நடுவே ஒரு கருங்கோடு மட்டும் மிஞ்சும். இங்கே தை மாசத்தில் எடுத்ததை அங்கே ஆனியில் எடுத்ததோடு ஒப்பிட்டால் வட்டாரம் தெரியாது, பருவம்தான் தெரியும்.

உடன்குடிப் பனை:
நாங்குநேரித் தம்பிக்கு ஒரு யோசனை. 11 மணிக்கு எடுக்காதீர்கள். காலை ஆறேகாலிலிருந்து எட்டு வரை, இல்லாவிட்டால் கோடை மழைக்கு மேகம் கூடுகிற சாயங்காலம். மேகம் மூடிய வெளிச்சத்தில் கறுப்பு கறுப்பாகவே வரும், மினுமினுப்பும் ஏமாற்றாது. ஆனியில் காற்று தொடங்கிவிட்டால் வள்ளியூர், பணகுடிப் பக்கம் கிளை நிற்கவே நிற்காது, அதற்கு முன்னால் முடித்துவிடுங்கள்.

நாங்குநேரிக்காரன்:
நேற்றுச் சாயங்காலம் நல்ல மேகம். சொன்னபடியே போனேன். தரையில் குப்புறப் படுத்து, ஒரு ஸ்டாப் குறைத்து, ஷட்டர் 1600ல் ஒன்று. ஒரு மணி நேரத்தில் குருவி என்னைக் கல் என்று நினைத்துவிட்டது போல, எட்டடி வரைக்கும் வந்தது. முதுகு கறுப்பு. தலை திரும்புகிறபோது கழுத்தோரம் நீலம் ஓடியது. தோளின் வெள்ளையில் ஒவ்வொரு இறகும் எண்ணலாம். இறக்கையில் டீச்சர் சொன்ன எல்லைக்கோடு அப்படியே இருக்கிறது: மேலே இருக்கிற சின்ன இறகுகள் மையிட்ட மாதிரி, கீழே இருக்கிற நீள இறகுகள் நுனி பிய்ந்த பழைய பழுப்பு. போன வருஷத்துக் குஞ்சு என்றே எனக்குப் படுகிறது. சாம்பல் அட்டைப் படமும் எடுத்திருக்கிறேன், ரா ஃபைல்களைத் தேதி, இடம் எழுதிப் போட்டுவைத்திருக்கிறேன்.

பெண்ணையும் எடுத்தேன் டீச்சர். தவிட்டு நிறம், தோளில் வெள்ளை இல்லை, வாலடியில் அதே செங்காவி. அதன் வாயில் வெள்ளையாக ஏதோ தொங்கியது, புல்லாக இருக்கும் என்று நினைத்து பெரிதாக்கிப் பார்த்தால் பாம்புச்சட்டைத் துண்டு, செதில் வரிகூடத் தெரிகிறது. அதை எடுத்துக்கொண்டு இடிந்த கிணற்றுச் சுவர்ப் பொந்துக்குள் போய்விட்டு வெறும் வாயோடு வந்தது. அங்கே கூடு இருக்கிறது என்று தெரிந்ததும் கிளம்பி வந்துவிட்டேன். பொந்தைப் படம் எடுக்கவில்லை. குஞ்சு பறந்து போகிற வரைக்கும் அந்தக் கிணற்றுப் பக்கம் போகப் போவதில்லை, அதுவரை மூன்றடைப்புக் குளத்தங்கரையில் வேறு ஜோடி இருக்கிறதா என்று தேடுகிறேன்.

அம்பை டீச்சர்:
பல கருஞ்சிட்டுக் கூடுகளில் பாம்புச்சட்டை இருக்கும் தம்பி, அதை வாயில் கவ்விக்கொண்டு போகும்போதே படம் எடுத்தது பெரிய விஷயம். அந்தப் பெண் குருவிப் படத்தை முதலில் போடுங்கள், ஆணை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.